அம்மாவின் வாழ்க்கையைத் தொகுப்பது எப்படி: முதலில் அழியக்கூடியதிலிருந்து தொடங்குங்கள்

அம்மாவோ பாட்டியோ மறைந்த சில வாரங்களில் வீட்டில் இரண்டு வேலைகள் காத்திருக்கும். ஒன்று, அவருடைய அலமாரியைக் காலி செய்வது. இன்னொன்று, அவரைப் பற்றி ஏதாவது எழுதிவைக்க வேண்டும் என்பது. முதல் வேலை எப்படியும் நடந்துவிடும். இரண்டாவது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். தொடங்குபவர்களும் பெரும்பாலும் புகைப்பட ஆல்பத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் ஆல்பம் இன்னும் பத்து ஆண்டுகள் அலமாரியிலேயே இருக்கும். அவருடைய கைபேசியில் இருக்கும் குரல் அவ்வளவு நாள் தாங்காது. எண்பத்தைந்து வயதான அவருடைய அக்காவின் ஞாபகமும் தாங்காது. எது முதலில் அழியுமோ அதை முதலில் எடுங்கள். எழுதுவது கடைசி வேலை.

கைபேசி

அவருடைய கைபேசியைச் சார்ஜில் போட்டு ஓரமாக வையுங்கள். பேரப்பிள்ளை யாருக்காவது கொடுக்கலாம் என்று ரீசெட் செய்துவிடுவது அடிக்கடி நடக்கும் இழப்பு, அதை மீட்க வழியே கிடையாது. பூட்டு எண் தெரியாவிட்டால் பிறந்த ஆண்டு, கல்யாண நாள் என்று வரிசையாக அடித்துப் பார்க்க வேண்டாம். ஐபோனில் 10 முறை தவறினால் எல்லாவற்றையும் அழித்துவிடும் அமைப்பு ஒன்று உண்டு. அவர் அதை இயக்கிவைத்திருந்தாரா என்று வெளியிலிருந்து தெரியாது.

சிம் கார்டை உடனே ஒப்படைக்காதீர்கள், குறைந்தது ஓராண்டாவது ரீசார்ஜ் செய்துவாருங்கள். அவருடைய கணக்குகளுக்கான ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். கைவிடப்பட்ட எண் சில காலத்தில் வேறொருவருக்குப் போய்விடும்.

வாட்ஸ்அப் கணக்கு பொதுவாக 120 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் நீக்கப்படும். அதற்குள் அவருடைய குரல்செய்திகளை வெளியே எடுத்துவிட வேண்டும். அவர் அனுப்பியவை குடும்பத்தில் ஒவ்வொருவர் கைபேசியிலும் சிதறிக் கிடக்கும். எல்லோரிடமும் கேட்டு வாங்குங்கள், ஆனால் 'ஃபார்வர்டு' செய்யச் சொல்லாதீர்கள். ஃபார்வர்டு செய்தால் கோப்பு இன்றைய தேதியோடு வந்து சேரும். பேசியது எந்த ஆண்டு என்பது அதோடு தொலைந்துவிடும். உரையாடலைத் திறந்து 'எக்ஸ்போர்ட்', மீடியாவுடன், என்று எடுத்தால் யார் எப்போது எதைச் சொன்னார்கள் என்ற வரிசையும் கூடவே வரும். உரையாடல் மிக நீளமாக இருந்தால் பழைய பகுதி எக்ஸ்போர்ட்டில் விடுபடும், அந்தக் குரல்செய்திகளைத் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். "சாப்பிட்டியா, வந்து சேர்ந்துட்டியா" என்ற எட்டு விநாடிச் செய்தியை அற்பம் என்று விட்டுவிடாதீர்கள். பின்னால் எல்லோரும் முதலில் தேடுவது அதைத்தான்.

கூகுள் கணக்கு 2 ஆண்டுகள் தொடப்படாவிட்டால் அதிலுள்ள படங்களோடு நீக்கப்படலாம். ஃபேஸ்புக் பக்கத்தை நினைவுப் பக்கமாக மாற்றிவிட்டால், கடவுச்சொல் தெரிந்தவர்கூட அதற்குள் நுழைய முடியாது. அதை மாற்றுவதற்கு முன் குடும்பத்தில் கலந்து பேசிக்கொள்ளுங்கள்.

ஆட்களிடம் கேட்பது

தொகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.

பிள்ளைகளுக்கு அம்மாவின் வாழ்க்கையில் பின்பாதிதான் தெரியும். அவர் அம்மாவாவதற்கு முந்தைய இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் அவர்களுக்கு ஏறக்குறைய வெற்றிடம். பேரப்பிள்ளைகளுக்கு அவர் பிறந்ததிலிருந்தே கிழவி. அதனால் முதலில் அவருடைய உடன்பிறந்தவர்கள், பள்ளித்தோழிகள், கூட வேலை பார்த்தவர்கள், பழைய அண்டைவீட்டார் என்று போங்கள். பிள்ளைகள் கடைசியில் பேசிக்கொள்ளலாம். இந்த வரிசையிலும் வயதில் மூத்தவர், உடல்நலம் குன்றியவர் முதலில். முதியவர்களுக்குத் தங்களுடைய பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலம்தான் மிகத் தெளிவாக நினைவிருக்கும் என்பது உளவியலில் நன்கு உறுதியான விஷயம். நேற்று என்ன நடந்தது என்று சொல்லத் தடுமாறுபவர் அறுபது ஆண்டுக்கு முந்தைய ஒரு பிற்பகலைச் சொல்லிவிடுவார். ஞாபகம் தப்பிவிட்டது என்று யாரையும் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள்.

"அவங்க எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டால் "தங்கமானவங்க, யாருக்கும் ஒரு கெடுதல் நினைச்சதில்லை" என்று பதில் வரும். உண்மைதான். ஆனால் எல்லோருடைய அம்மாவையும் பற்றி இதையே சொல்லலாம். கேள்வி சிறியதாக, கண்ணால் கண்டதைச் சொல்லவைப்பதாக இருக்க வேண்டும்:

– காலையில் எழுந்ததும் முதலில் எதைத் தொடுவார்?
– கோபம் வந்தால் கத்துவாரா, பேசாமல் இருப்பாரா? எத்தனை நாள்?
– காசை எங்கே ஒளித்துவைப்பார்?
– எதற்குப் பயப்படுவார்?
– அவர் விரும்பிய படிப்போ வேலையோ ஏதாவது கிடைக்காமல் போனதா? யார் தடுத்தார்கள்?
– அவரை முதன்முதலாக எங்கே பார்த்தீர்கள்? அப்போது என்ன செய்துகொண்டிருந்தார்?
– அவர் அடிக்கடி சொன்ன சொலவடை எது? யாரைப் பார்த்துச் சொல்வார்?

இவற்றையெல்லாம்விட நன்றாக வேலை செய்யும் வழி ஒன்று உண்டு. பெரிய காகிதமும் பென்சிலும் கொடுத்து, அவர் வளர்ந்த வீட்டின் வரைபடத்தைப் போடச் சொல்லுங்கள். வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, யார் எங்கே படுப்பார்கள், அவர் உட்கார்ந்து படித்த இடம் எது என்று வரையும்போது கை ஒவ்வொரு இடத்திலும் நிற்கும். நின்ற இடத்தில் கதை வரும். படங்களைக் காட்டிக் கேட்பதும் நல்லதுதான். ஆறு முதல் பத்துப் படங்கள் போதும். முழு ஆல்பத்தையும் நீட்டினால் "இது யாரு, அது யாரு" என்பதிலேயே நேரம் போய்விடும்.

பதிவு செய்யக் கைபேசி போதும். பேசுபவரிடமிருந்து 20–30 செ.மீ. தூரத்தில், மடித்த துணியின் மேல் வையுங்கள். வெறும் மேசையில் வைத்தால் தம்ளரைக் கீழே வைக்கும் ஒவ்வொரு சத்தமும் இடி மாதிரி விழும். மின்விசிறியை நிறுத்துங்கள். அழைப்பு வந்து பதிவு அறுபடாமலிருக்க ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். 30 விநாடி பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள். தேதி, இடம், பேசுபவர் பெயர், அவருக்கு அம்மா என்ன முறை ஆகிய நான்கையும் முதலில் உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். பதிவாகிறது என்பது பேசுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் அமர்வு 45 நிமிடம், அதிகம் போனால் ஒரு மணி நேரம். அவர் பேச்சை நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்த மௌனத்துக்குப் பிறகு வருவதுதான் பெரும்பாலும் புதிய செய்தி. அழுதால் பதறிப்போய்ப் பதிவை நிறுத்த வேண்டாம், "கொஞ்சம் இருக்கட்டுமா?" என்று கேளுங்கள். எழுந்து கிளம்பும்வரை பதிவு ஓடட்டும். செருப்பு மாட்டும்போது சொல்லும் ஒரு வார்த்தைக்காகவே சில பயணங்கள் பயனாகிவிடும். இரண்டு பேரை ஒன்றாக உட்காரவைத்தால் ஒருவர் மற்றவரைத் திருத்துவார், அது நல்லது. ஆனால் குரல் ஓங்கியவர் சொல்வதே நின்றுவிடும். முதலில் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, பிறகு சேர்த்து உட்காரவையுங்கள்.

சின்னப் பேரப்பிள்ளைகளையும் இந்த வாரமே கேளுங்கள். மூன்று வயதுக்கு முந்தைய நினைவுகள் வளர்ந்தபின் பெரும்பாலும் தங்குவதில்லை. நான்கு வயதுக் குழந்தைக்குப் பாட்டி எங்கே உட்காருவார், மடியில் எப்படித் தட்டுவார், என்ன பாடுவார் என்பது இன்று தெரியும். வரையச் சொல்லி, அவர்கள் சொல்வதைப் படத்தின் பின்னால் அப்படியே எழுதி, வயதையும் தேதியையும் போடுங்கள்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தில் இறக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். எல்லாவற்றையும் எழுதப் போனால் மூன்றாவது பதிவிலேயே சோர்ந்துவிடுவீர்கள். "12ஆவது நிமிடம்: பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது, 31: முதல் சம்பளம்" என்று குறிப்பு மட்டும் போட்டு, தேவையான பகுதிகளை எழுதிக்கொள்ளுங்கள். அப்படி எழுதும்போது பேச்சைத் திருத்தவே கூடாது. "போயிட்டு வாரேன்" என்றால் "போயிட்டு வாரேன்" என்றே இருக்கட்டும். "சென்று வருகிறேன்" என்று மாற்றினால் செய்தி மிஞ்சும், ஆள் காணாமல் போய்விடுவார். அவரை யார் யார் எப்படி அழைத்தார்கள் என்றும் ஒரு பக்கம் எழுதுங்கள். ஒருவருக்கு அக்கா, ஒருவருக்கு மதினி, மகன் வீட்டுப் பேரனுக்கு அப்பத்தா, மகள் வீட்டுப் பேத்திக்கு அம்மாச்சி, தோழிக்குச் செல்லப்பெயர். ஓர் ஆளுக்கு இத்தனை பெயர் இருந்தது என்பதே அவர் வாழ்க்கையின் பாதிக் கதை.

அவருடைய கைப்பக்குவத்தை எழுதுவதென்றால், "ஒரு கை", "கொஞ்சம்", "பதம் வந்ததும்" என்ற சொற்களோடு நிறுத்தாதீர்கள். அவர் கூடவே நின்று கற்றவர் சமைக்கும்போது பக்கத்தில் தராசை வைத்து, கையில் அள்ளுவதைப் போடும் முன் எடை பார்த்து, கிராமில் குறியுங்கள். மூன்று முறை செய்தால் சராசரி கிடைக்கும். "கை" என்ற சொல்லையும் விட்டுவிடாமல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கேசட்டும் பழைய குரலும்

பழைய கேசட்டில் அவர் தாலாட்டியதோ, யாருக்கோ பேசி அனுப்பியதோ இருக்கலாம். உறையில் சினிமாப் பாட்டு என்று எழுதியிருந்தாலும் போட்டுப் பாருங்கள், பாட்டுக்கு மேல் வீட்டுப் பேச்சைப் பதிந்திருப்பார்கள். கேசட்டை இயந்திரத்தில் வைக்கும் முன் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் மடிப்புகளையும் உடைத்துவிட்டால், தவறி ரெக்கார்டு பொத்தானை அழுத்தினாலும் அழியாது. நாடாவில் வெண்பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள். அது இயந்திரத்தில் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். சுத்தமான நாடாவை ஒருமுறை முழுக்க முன்னால் ஓட்டி, பின்னால் சுற்றிவிட்டு, அதன்பிறகு கணினியில் பதியுங்கள். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் வடிவம் போதுமானது. மோனோவில் (ஒற்றைத் தடத்தில்) ஒரு மணி நேரம் ஏறக்குறைய 520 எம்பி வரும். பகிர்ந்துகொள்ள எம்பி3 நகல் தனியாக எடுத்துக்கொள்ளலாம். இரைச்சலை நீக்கும் மென்பொருளை மூலக்கோப்பில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இரைச்சலோடு சேர்த்து அவருடைய மூச்சையும் அது நீக்கிவிடும்.

புகைப்படங்கள்

பிளாஸ்டிக் தாள் மூடிய ஒட்டும் ஆல்பங்கள்தான் முதல் கவலை. அந்தப் பசை நாளாக நாளாகப் பழுப்பேறிப் படத்தைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். படத்தைப் பிய்க்கும் முன் பக்கத்தோடு ஒருமுறை ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவில் விட்டு, ரம்பம்போல மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் கழன்று வரும். வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்கவே கூடாது. ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பதிந்திருக்கும், இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலேயே ஸ்கேன் செய்யுங்கள்.

சாதாரண அளவுப் படத்துக்கு 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. 4×6 அங்குலப் படம் அப்போது 2400×3600 புள்ளியாக வரும், அதை இருமடங்கு அளவில் அச்சிட்டாலும் தெளிவு குறையாது. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படத்தையும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்தால் கறை எது, நிழல் எது என்று பின்னால் பிரிக்க முடியும். ஓரத்தை வெட்டாதீர்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டுடியோ முத்திரை, மங்கிய தேதி, யாரோ எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் தடம் முன்பக்கம் எழும்பும். மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல் எழுதுங்கள். செல்லோடேப், லேமினேஷன் இரண்டும் வேண்டாம். டேப்பின் பசை காகிதத்துக்குள் ஊறிக் கறையாகும். லேமினேஷனைத் திரும்பப் பிரிக்க முடியாது.

பெயர் எழுதும்போது எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. "மாமா, அத்தை, பெரியம்மா" என்று எழுதிவைப்பார்கள். யாருக்கு மாமா? அடுத்த தலைமுறைக்கு அது விடுகதையாகிவிடும். இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் முழுப்பெயரும், அம்மாவுக்கு அவர் என்ன உறவு என்பதும் இருக்க வேண்டும். "அவருடைய இரண்டாவது தம்பி" என்றால் நூறு ஆண்டு கழித்தும் புரியும்.

அவருடைய புடவைகளையும் துணிகளையும் எல்லாம் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றைத் துவைக்காமல் மூடி இறுக்கமான கண்ணாடிச் சாடியில் போட்டுவைத்தால் அவருடைய வாசனை கொஞ்ச காலம் நிற்கும். திறக்கத் திறக்கக் குறையும். மற்றவற்றைத் துவைத்து, நன்றாக உலர்த்தி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் அந்தக் கோட்டிலேயே நூல் இற்றுப்போகும்.

எழுதுவது

முதலில் ஒரு கால அட்டவணை போடுங்கள்: ஆண்டு, அவர் வயது, ஊர், நடந்தது, யார் சொன்னது. ஐந்தாவது கட்டத்தை விட்டுவிடாதீர்கள். ஆவணத்திலுள்ள பிறந்தநாளும் வீட்டில் சொல்லும் பிறந்தநாளும் வேறாக இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். தேதி தெரியாத நிகழ்ச்சிக்கு "மூத்தவன் நடக்கத் தொடங்கியபோது", "அந்த வீட்டை விட்டு வருவதற்கு முன்" என்று இன்னொரு நிகழ்ச்சியைக் கொக்கியாக்கினால் ஒன்றிரண்டு ஆண்டு வித்தியாசத்துக்குள் வந்துவிடும். ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் தீர்ப்பு வழங்காமல் இரண்டையும் அவரவர் பெயரோடு போடுங்கள்.

அட்டவணை முடிந்ததும் வெற்றிடங்கள் கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் பதினைந்திலிருந்து இருபத்தைந்து வயது வரை ஒரு வரிகூட இருக்காது. எழுதத் தொடங்கும் முன் அந்தக் கட்டத்துக்காக இன்னொரு முறை ஆட்களைப் போய்ப் பாருங்கள்.

எழுதும்போது இரண்டு இடங்களில் கை வழுக்கும். முதலாவது, கடைசி நோய். அது அண்மையில் நடந்தது, புண் ஆறவில்லை, அதனால் எழுதியதில் பாதி மருத்துவமனையாகவே வந்துவிடும். எண்பது ஆண்டு வாழ்ந்தவருக்குக் கடைசி இரண்டு ஆண்டு நாற்பதில் ஒரு பங்குதான். நாற்பது பக்கத் தொகுப்பில் அதற்கு ஒரு பக்கம். மனதிலிருப்பதை எல்லாம் முதலில் தனியாக எழுதித் தீர்த்துவிடுங்கள், அது வீணில்லை. தொகுப்புக்கு அதிலிருந்து ஒரு பக்கத்தை எடுங்கள்.

இரண்டாவது, வினைச்சொல். அம்மாவைப் பற்றி எழுதினால் எல்லா வாக்கியமும் "செய்வார், கொடுப்பார், சொல்வார்" என்றே முடியும். எப்போதும் செய்ததை மட்டும் அடுக்கினால் ஒரு நாள்கூடக் கண்ணில் தெரியாது. பத்தி ஒன்றுக்கு ஒரு "செய்தார்" வேண்டும்: ஒரு நாள், ஓரிடம், ஒருமுறை மட்டும் நடந்தது. "பொறுமைசாலி" என்று எழுதியிருந்தால் அதைக் காட்டும் சம்பவம் அடுத்த வரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சொல்லை அடித்துவிடுங்கள். அவருக்கு இருந்த பிடிவாதமும் பாரபட்சமும் வரட்டும். குறையே இல்லாத அம்மாவைப் படிக்கும் பேத்திக்கு, அவர் வேறு யாரோவாகத்தான் தெரிவார்.

உயிரோடிருப்பவரைப் புண்படுத்தக்கூடிய செய்தி, அவர் யாரிடமும் சொல்லாதே என்று சொன்ன செய்தி இரண்டும் தொகுப்பில் வேண்டாம். அழித்துவிடவும் வேண்டாம். தனி உறையில் போட்டு, எந்த ஆண்டு திறக்கலாம் என்று மேலே எழுதி ஒருவரிடம் பொறுப்பாகக் கொடுங்கள்.

நினைவுக் கூட்டத்தில் பேசுவதற்கு இதிலிருந்து மூன்று சம்பவங்கள் போதும், ஐந்து நிமிடம். முன்னதாக இரண்டு முறை வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் குரல் உடைகிறதோ அதைப் பத்தியின் கடைசிக்கு நகர்த்தினால், உடைந்தாலும் சொல்லவந்தது சொல்லி முடிந்திருக்கும்.

அச்சும் பிரதிகளும்

மூத்தவர்கள் படிக்க வேண்டும், ஆகவே எழுத்தின் அளவு 14 பாயின்ட் இருக்கட்டும். படங்கள் அச்சாகும் அளவில் 300 டிபிஐ. நடுவில் கம்பி அடித்துத் தைப்பதென்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். ஏறக்குறைய 64 பக்கத்துக்கு மேல் போனால் நூல்தையல் கேளுங்கள், வெறும் பசை போட்ட முதுகு பல முறை திறந்தால் பக்கம் பக்கமாக உதிரும். அச்சகத்துக்கு எழுத்துரு உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். யூனிகோடில் தட்டியதை அவர்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொ, கோ, கௌ, ஸ்ரீ போன்றவை உடைந்துபோகும். மெய்ப்புப் பார்க்கும்போது அவர் பெயரிலுள்ள எழுத்துகளை எல்லாப் பக்கத்திலும் தேடிப் பாருங்கள்.

கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். பென்டிரைவை அலமாரியில் போட்டு மறந்தால் சில ஆண்டுகளில் படிக்க முடியாமல் போகலாம். வீட்டில் எழுதிய சிடிக்களும் அப்படித்தான். ஆண்டுக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஒருவர் பெயரை இப்போதே எழுதிவையுங்கள். அவருடைய பிறந்தநாளில் பார்த்தால் மறக்காது.

முதலில் மூன்று பிரதி மட்டும் அச்சிடுங்கள். அதில் ஒன்றை அவருடைய உடன்பிறந்தவர்களில் மூத்தவரிடம், ஒரு பென்சிலோடு கொடுங்கள். "இது தப்பு, அன்னைக்கு நான்தான் கூட இருந்தேன்" என்று தொடங்குவார். கைபேசியைத் துணியின் மேல் வைத்து, பதிவை ஓடவிடுங்கள்.